நிணநீர் முடிச்சுக்குப் பரவிய கருப்பை வாய்ப் புற்றுநோய்: கதிர்வீச்சும் கீமோவும் சேரும் எட்டு வாரங்களுக்கு ஒரு வழிகாட்டி

பயாப்சியில் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று வருகிறது. ஸ்கேன் எடுத்தபின் நிணநீர் முடிச்சுகளிலும் இருக்கிறது என்கிறார்கள். "ஆபரேஷன் கிடையாதாம்" என்ற செய்தி வீடு வந்து சேரும்போதே, "அப்படியென்றால் கைவிட்டுவிட்டார்கள்" என்ற முடிவும் கூடவே வந்துவிடுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இந்த ஒரு தவறான முடிவால் சிகிச்சைக்கே போகாமல் வீட்டில் இருந்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை அழைத்துப் போக வேண்டிய மகன், மகள், மருமகள்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் சின்னம்மாவுக்குத் துணையாக இந்தச் சிகிச்சை முழுவதும் உடன் இருந்தவள் நான். மருந்தைத் தீர்மானிப்பவர் உங்கள் மருத்துவர். அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் என்ன ஏற்பாடு செய்வது என்பதற்கு மட்டும்தான் இந்தக் கட்டுரை.

அறுவை சிகிச்சை வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. முடிச்சுகளில் நோய் இருந்தால், கருப்பையை எடுத்தாலும் அதன்பின் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தே ஆக வேண்டும். மூன்றும் சேர்ந்தால் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் தொல்லை கூடுமே தவிர, குணமாகும் வாய்ப்பு கூடாது. அதனால்தான் முதலிலிருந்தே கதிர்வீச்சையும் கீமோவையும் ஒன்றாகக் கொடுக்கிறார்கள். வலியைத் தணித்து நாளை ஓட்டுவதற்கான ஏற்பாடு என்று இதை நினைத்துவிட வேண்டாம். நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடு தரப்படும் முழுச் சிகிச்சை இது.

அறிக்கையில் பார்க்க வேண்டியது

2018இல் நோயின் நிலைகளை வகுக்கும் முறை மாறியது. அதன்படி நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்தால் அது 3சி நிலை. இடுப்புப் பகுதி முடிச்சுகளில் மட்டும் இருந்தால் 3சி1. அதற்கு மேலே, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக் குழாயின் பக்கத்து முடிச்சுகளிலும் இருந்தால் 3சி2. உங்கள் மருத்துவரிடம் இதில் எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு எவ்வளவு உயரம் வரை போக வேண்டும், பக்கவிளைவு எப்படி இருக்கும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. மேல் முடிச்சுகளும் சேர்ந்தால் சிறுநீரக ரத்தக் குழாய் இருக்கும் மட்டம் வரை கதிர்வீச்சு தேவைப்படும். குமட்டலும் சற்று அதிகமாக இருக்கும்.

இடுப்புக்கு எம்.ஆர்.ஐ., மார்புக்கும் வயிற்றுக்கும் சி.டி., முடிந்தால் பெட் சி.டி. எடுப்பார்கள். சிறிய முடிச்சுகளில் நோய் ஒளிந்திருந்தால் அதைக் காட்டுவதில் பெட் சி.டி. மற்ற ஸ்கேன்களைவிட மேலானது. எல்லா அறிக்கைகளையும் ஸ்கேன் குறுந்தகடுகளையும் ஒரே பையில், தேதி வரிசையில் வையுங்கள். மழைக்காலம் என்றால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

இன்னும் நோய் உறுதியாகாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, உறவுக்குப் பின் ரத்தம், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் என்று போகும்போது, கருப்பை வாயைப் பரிசோதிக்காமல், பயாப்சி எடுக்காமல் "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எடுத்த பிறகு உள்ளே புற்றுநோய் இருந்தது தெரிந்தால், அதன்பின் தரும் சிகிச்சை பெரும் சிக்கலாகிவிடும்.

இரண்டும் ஏன் ஒன்றாக

கதிர்வீச்சு புற்றுச் செல்களின் மரபணு இழையை உடைக்கிறது. உடைந்ததை அந்தச் செல்கள் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பதற்காக வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். ஆக, இங்கே கீமோவின் முதல் வேலை கதிர்வீச்சுக்குத் துணை நிற்பது. அதனால் அளவும் குறைவு. வழக்கமாக உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம். மெலிந்த உடம்புள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 55, 60 மில்லிகிராம் அளவில் வரும். இந்த அளவில் தலைமுடி முழுவதும் கொட்டிப்போவது அரிது. சின்னம்மாவுக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

1999இல் அமெரிக்காவில் ஐந்து ஆய்வுகளின் முடிவுகள் அடுத்தடுத்து வந்த பிறகே உலகம் முழுவதும் இந்த முறை வழக்கமானது. நம் நாட்டுப் பெண்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2018இல் விடை தந்தது. 3பி நிலையில், அதாவது நோய் இடுப்புச் சுவர் வரை பரவிய அல்லது சிறுநீர்க் குழாயை அடைத்த நிலையில் இருந்த 850 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு அது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 46 சதவீதம். கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 சதவீதம். கீமோ இல்லாமல் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிழைத்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சிறுநீரகமோ வயதோ இடம் கொடுக்காமல் கீமோ வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், கதிர்வீச்சையும் சேர்த்து விட்டுவிடக் கூடாது.

தொடங்குவதற்கு முன்: சிறுநீரகமும் ரத்தமும்

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய மருந்து. இந்த நோயோ சிறுநீர்க் குழாயை அழுத்தி அடைக்கக்கூடியது. இரண்டும் சேரும் இடத்தில்தான் பல திட்டங்கள் தடம் புரள்கின்றன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவையும், ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அடைப்பு இருந்தால் உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தோ, முதுகுப் பக்கம் குழாய் போட்டோ சிறுநீரை வெளியேற்றிய பிறகே கீமோ தருவார்கள். முதுகில் குழாய் என்றதும் உறவினர்கள் மிரண்டுபோவார்கள். அது பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடு.

அடுத்தது ஹீமோகுளோபின். மாதக்கணக்கில் ரத்தம் போனவர்களுக்கு 7, 8 என்று இருப்பது சாதாரணம். பல மையங்களில் 10க்கு மேல் வைத்திருக்கப் பார்ப்பார்கள்; தேவையானால் ரத்தம் ஏற்றுவார்கள். ரத்தம் கொடுக்கக்கூடிய நாலு பேரின் பெயரை முன்கூட்டியே எழுதி வையுங்கள். சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனைகளும் எடுப்பார்கள். எச்.ஐ.வி. இருந்தாலும் இதே சிகிச்சை தர முடியும். காதில் இரைச்சல், கேட்கும் திறனில் குறை ஏற்கெனவே இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் காதையும் பாதிக்கும்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இந்த வாரத்திலேயே நிறுத்த வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் வேண்டாம், அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம் எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பவர்கள் அதிகம். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது, எங்கே தங்குவது

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. திருச்சியில் தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. சற்றுத் தொலைவில் புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம். எங்கே போனாலும் முதல் நாளே மூன்று கேள்விகள் கேளுங்கள். வெளிக் கதிர்வீச்சு, உள் கதிர்வீச்சு இரண்டும் இங்கேயே உண்டா? இல்லையென்றால் உள் கதிர்வீச்சுக்கு எங்கே, எந்தத் தேதியில் இடம் பிடித்துத் தருவீர்கள்? எப்போது தொடங்க முடியும்? பெயர் பெற்ற இடத்தில் இரண்டு மாதம் காத்திருப்பதைவிட, இரண்டு சிகிச்சையும் உள்ள பக்கத்து மையத்தில் சீக்கிரம் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் பதிவு செய்யலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993 அல்லது 104 என்ற எண்களில் கேளுங்கள். ரயிலில் போவதானால் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணம் இல்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. அதற்கான படிவத்தில் மருத்துவமனை முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரத்துக்கு மேல், ஒவ்வொரு நாளும் போக வேண்டும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர்; முதல் இரண்டு வாரம் போய் வரலாம் என்று தோன்றும். மூன்றாம் வாரம் வயிற்றுப்போக்கு தொடங்கியதும் பஸ்ஸில் உட்காரவே முடியாது. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, கோடியக்கரைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் தினசரிப் பயணம் சாத்தியமே இல்லை. மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்; இல்லையென்றால் பக்கத்தில் கழிப்பறை வசதியுள்ள ஓர் அறையையோ உறவினர் வீட்டையோ முதலிலேயே பேசி வையுங்கள்.

குறி போடும் நாள்

சிகிச்சைக்கு முன் ஒரு நாள் சி.டி. எடுத்து, இடுப்பிலும் வயிற்றிலும் குறி போடுவார்கள். அந்தக் குறியை வைத்துத்தான் தினமும் அதே இடத்தில் கதிர் விழச் செய்கிறார்கள். மஞ்சள் தேய்த்துக் குளிப்பது, எண்ணெய்க் குளியல், சோப்புப் போட்டுத் தேய்ப்பது எதுவும் அந்த இடத்தில் கூடாது. குறி மங்கினால் நீங்களே பேனாவால் வரையாமல், அங்கே சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருந்தால் குடல் கதிரிலிருந்து சற்று விலகி நிற்கும். சிறுநீர் கழித்துவிட்டு, அவர்கள் சொன்ன அளவு தண்ணீர் குடித்து, சொன்ன நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். முதல் நாள் எவ்வளவு குடித்தீர்களோ, கடைசி நாள் வரை அதே அளவு.

ஒவ்வொரு வாரமும் எப்படி இருக்கும்

ஊரில் "கரண்ட் வைப்பது" என்று சொல்லப்படும் வெளிக் கதிர்வீச்சில் வலி இல்லை, சூடு இல்லை. இயந்திரத்தின் கீழே சில நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முடித்து வந்தவரின் உடம்பிலிருந்து கதிர் வெளியே வராது. பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்குவதற்கு மருத்துவத்தில் எந்தக் காரணமும் கிடையாது.

கதிர்வீச்சை கிரே என்ற அலகில் அளக்கிறார்கள். பொதுவாக 45 முதல் 50 கிரே வரை, 25 முதல் 28 தவணைகளாகப் பிரித்துத் தருவார்கள். நோய் தெரியும் முடிச்சுகளுக்கு மட்டும் கூடுதலாக, மொத்தம் 55 முதல் 60 கிரே வரை போகும். வாரத்தில் ஒரு நாள் கீமோ. அதற்கு முந்தைய நாள் ரத்த அணுக்களும் கிரியாட்டினினும் பார்ப்பார்கள். கீமோ அன்று முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள். அதில் மக்னீசியமும் சேர்ப்பது உண்டு. பாதி நாள் அங்கேயே போய்விடும். வாந்தி வராமலிருக்கத் தரும் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவதில் பயன் குறைவு. குமட்டல் இல்லாவிட்டாலும் சொன்ன நேரத்தில் போட வேண்டும். அன்றும் மறுநாளும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்; சிறுநீர் நன்றாகப் பிரிகிறதா என்று துணைக்கு இருப்பவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐந்து அல்லது ஆறு கீமோ தருவதே திட்டம். அணுக்கள் குறைந்தால் ஒரு வாரக் கீமோவைத் தள்ளிவைப்பார்கள். அப்போது பலர் செய்யும் பிழை, "இந்த வாரம் ஊசி இல்லையாம்" என்று மூட்டை கட்டி ஊருக்குப் போய்விடுவது. கீமோ தள்ளிப்போனாலும், மருத்துவர் நிறுத்தச் சொல்லாத வரை கதிர்வீச்சு தொடர வேண்டும்.

நாள் தவறக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள். வெளிக் கதிர்வீச்சின் முதல் நாளிலிருந்து உள் கதிர்வீச்சின் கடைசி நாள் வரை எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு அரை முதல் ஒரு சதவீதம் வரை குறையும் என்பது பல ஆய்வுகளில் கண்ட கணக்கு. பாதிக் களை எடுத்த வயலை ஒரு வாரம் விட்டால் என்ன ஆகும் என்று நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சையின் நடுவே மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்களும் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன.

டெல்டாவில் நாள் தவறுவதற்கான காரணங்கள் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒன்றுதான். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு; பிறகு அறுவடை, சம்பா நடவு; கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதுதான் ஆண்டு வருமானம். ஐப்பசி கார்த்திகை மழையில் சாலை துண்டிக்கும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது நாள்கணக்கில் எங்கும் நகர முடியவில்லை. தீபாவளி, பொங்கல் விடுமுறைகள் வேறு. ஆகவே தொடங்கும் முன்பே நாள்காட்டியில் 56ஆம் நாளைக் குறித்து, நடுவில் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். மழைக்காலமாக இருந்தால் ஊருக்குப் போய்வரும் திட்டமே வேண்டாம். இந்த எட்டு வாரத்துக்கு நடவையும் மாட்டையும் சமையலையும் யார் பார்ப்பது என்பதை அவர் இல்லாத இடத்தில் பேசி முடித்துவிட்டு, "எல்லாம் ஏற்பாடாகிவிட்டது" என்று அவரிடம் சொல்லுங்கள். தன்னால் வீடு நின்றுபோகிறது என்ற எண்ணமே பல பெண்களைப் பாதியில் திரும்ப வைக்கிறது.

இயந்திரப் பழுதாலோ விடுமுறையாலோ நாள் விட்டுப்போனால், சனிக்கிழமை ஈடுசெய்ய முடியுமா, அல்லது குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு தவணை தர முடியுமா என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், இது மருத்துவத்தில் வழக்கத்தில் உள்ள ஏற்பாடுதான்.

உள் கதிர்வீச்சை விட்டுவிடாதீர்கள்

நாலைந்து வாரத்தில் ரத்தப்போக்கு நின்றுவிடும். நாற்றம் போய்விடும், வலி குறையும். "சரியாகிவிட்டது, இனி எதற்கு?" என்ற எண்ணம் வருவது அப்போதுதான். ஆனால் கருப்பை வாயில் இருக்கும் கட்டியை அழிக்க மொத்தம் 80, 85 கிரேக்கு மேல் தேவை. அதை வெளியிலிருந்து கொடுத்தால் குடல் தாங்காது. பிராக்கிதெரபி எனப்படும் உள் கதிர்வீச்சில், கருப்பைக்குள்ளும் கருப்பை வாயை ஒட்டியும் மெல்லிய குழாய்களை வைத்து, இரிடியம் என்ற கதிர்ப்பொருளைச் சில நிமிடம் உள்ளே அனுப்பித் திரும்ப எடுத்துவிடுவார்கள். முதுகில் ஊசி போட்டோ மயக்கம் கொடுத்தோ செய்வார்கள். மூன்று, நான்கு முறை இருக்கலாம். வலி மருந்து போதவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் சொல்ல வேண்டும். தொடங்கும் வாரத்திலேயே இதற்கான தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடும் அவசர அறிகுறிகளும்

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல், அசதி வரும். குழைந்த சோறு, அரிசிக் கஞ்சி, இட்லி, மோர், வாழைப்பழம், வேகவைத்த முட்டை ஒத்துக்கொள்ளும். கீரை, முழுப்பயறு, காரக் குழம்பு, எண்ணெய்ப் பலகாரம் அந்த நாட்களில் வேண்டாம். பழைய சோற்றையும் வெளியில் விற்கும் பழச்சாற்றையும் அணுக்கள் குறைந்திருக்கும்போது தவிர்ப்பது நல்லது. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் எப்போதும் கையில் இருக்கட்டும். எடை வாரந்தோறும் பார்க்க வேண்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனாலும், தண்ணீர் கூட வயிற்றில் நிற்காவிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும், ரத்தப்போக்கு திடீரென்று அதிகமானாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், 108ஐ அழையுங்கள். பாராசிட்டமால் போட்டுப் படுக்கவைப்பது ஆபத்து.

புதிதாக வந்திருப்பவை

2024இல் வெளியான இன்டர்லேஸ் ஆய்வில், இந்தச் சிகிச்சைக்கு முன் ஆறு வாரம் பாக்லிடாக்சலும் கார்போபிளாட்டினும் கொடுத்தார்கள். 500 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில் இந்தியாவும் இடம்பெற்றது. ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 72 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்ந்தார்கள். இரண்டும் பழைய மருந்துகள் என்பதால் எட்டக்கூடிய விலைதான். ஆனால் மேல் முடிச்சுகளுக்குப் பரவியவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்ததில் மூன்றாண்டு பிழைத்தவர்கள் சுமார் 75 சதவீதத்திலிருந்து 83 சதவீதத்துக்கு உயர்ந்ததாக இன்னோர் ஆய்வு சொல்கிறது. அதன் விலை சாதாரணக் குடும்பங்களின் கைக்கு அப்பாற்பட்டது. உங்களுக்கு இவை பொருந்துமா என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்பதற்காக நிலத்தை விற்கவோ, கையில் இருக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடவோ வேண்டாம்.

முடிந்த பிறகு

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்து நோய் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் கதிர்வீச்சின் புண்ணும் நோய் போலவே தெரியும். முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வழக்கம்.

இளம்பெண்ணாக இருந்தால் மாதவிடாய் நின்றுவிடும், இனிக் கருத்தரிக்க முடியாது. இதைத் தொடங்கும் முன்பே மருத்துவர் முன்னிலையில் பேசிவிட வேண்டும். பிறப்புறுப்பின் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமலிருக்க டைலேட்டர் என்ற கருவியைப் பயன்படுத்தச் சொல்வார்கள். வெட்கப்பட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தால், பிறகு பரிசோதனை செய்வதே கடினமாகிவிடும். தாம்பத்திய உறவு எப்போது தொடங்கலாம் என்பதைக் கணவரும் உடன் வந்து கேட்கலாம். இந்தப் புற்றுநோய் உறவின் மூலம் தொற்றாது.

மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வரலாம். கதிர்வீச்சால் வந்ததா, நோயால் வந்ததா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், இடுப்பு வலி இரவில் தூங்கவிடாமல் தொடர்ந்தாலும், மீண்டும் ரத்தப்போக்கு வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதி வரை இருக்காமல் பழைய கோப்போடு அதே பிரிவுக்குப் போங்கள்.